வைரஸ் தன்னை மாற்றிக்கொள்வதில்லை

(தில்லியில் தமிழறிந்த தோழர்களுக்காக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் பற்றிய வகுப்பை ஒரு மருத்துவரோ உயிரியல் பேராசிரியரோ எடுப்பதுதான் முறை. தமிழிலக்கியம் பயின்று, கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பதிலேயே காலத்தைச் செலவிட்ட என்னை இத்தலைப்பில் பேச அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைக்குரிய காரணம் அன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் நான் மொழிபெயர்த்த கட்டுரை ஒன்றில், "நமது நோய் எதிர்ப்பாற்றலை உணர்ந்துகொண்ட வைரஸ், அதனிடமிருந்து தப்பும்பொருட்டுத் தன்னை மாற்றிக்கொண்டது" என்று ஒரு தொடர் வந்தது. ஆங்கில மூலத்தில் உணர்வும் இல்லை, "பொருட்டு"ம் இல்லை. இரண்டும் என் கைச்சரக்கு. மருத்துவத் தோழர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, வைரசுக்கு உணர்வதற்கான புலன் எது என்று கேட்டு எழுதினார். பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வதுதானே என்று சற்று எரிச்சலோடு பதில் எழுதினேன். அது வெறும் பேச்சு வழக்கு அன்று, ஒரு கோட்பாட்டுப் பிழை என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பிழையைக் குறித்தே இன்று பேச வந்திருக்கிறேன்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்? 2025 மே, ஜூன் மாதங்களில் நாட்டில் மீண்டும் தொற்று சற்றே உயர்ந்து, சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டியபோது, என்பி.1.8.1, எல்எஃப்.7 என்ற பெயர்கள் செய்திகளில் அடிபட்டன. உடனே பழைய கேள்விகள் இரண்டும் நம் கிளைகளிலேயே எழுந்தன. தடுப்பூசி தோற்றுவிட்டதா என்பது ஒன்று. தடுப்பூசி போட்டதால்தான் இந்த வேற்றுருக்கள் பிறந்தனவா என்பது மற்றொன்று. இரண்டாம் கேள்வியைக் கேட்டவர்களுள் நெடுநாள் உறுப்பினர்களும் இருந்தனர். ஆகவே இதைக் கேலி செய்து கடந்துவிட முடியாது.

கொரோனா வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. எனப்படும் இழை. அதில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் உள்ளன. ஏ, யு, ஜி, சி என நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் என்று கொள்ளுங்கள். வைரஸ் பெருகுவது என்றால், மனித உயிரணுவுக்குள் புகுந்து அந்த நூலைப் படியெடுக்கச் செய்வதே. படியெடுக்கும்போது பிழை நேரும். ஓலைச்சுவடியைப் பார்த்தெழுதியவர்களுக்கு நேர்ந்ததைப் போலத்தான்.

அந்தப் பிழைகளின் வகைகளைப் படித்தபோது தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு வியப்பாக இருந்தது. புணர்ச்சியில் எழுத்து ஒன்று புதிதாகத் தோன்றும்; ஒன்று வேறொன்றாகத் திரியும்; ஒன்று கெட்டு மறையும். விகாரம் இம்மூன்று வகைதான் என நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. வைரசின் நூலிலும் இம்மூன்றுதான். ஆல்ஃபா வேற்றுருவில் 69, 70ஆம் இடங்களிலிருந்த அமினோ அமிலங்கள் கெட்டன. ஒமைக்ரானின் முதல் வடிவில் 214ஆம் இடத்தையடுத்து மூன்று அமினோ அமிலங்கள் புதிதாகத் தோன்றின. மற்றவை பெரும்பாலும் திரிதல். உவமையை இதற்கு மேல் நீட்ட மாட்டேன். புணர்ச்சி விதிக்குட்பட்டது, படியெடுக்கும் பிழை அப்படியன்று.

ஆர்.என்.ஏ. வைரஸ்களுள் கொரோனா குடும்பம் ஓரளவு கவனமானது என்பதையும் சொல்ல வேண்டும். படியெடுத்ததைச் சரிபார்த்துப் பிழையை வெட்டியெறியும் நொதி ஒன்று அதனிடம் உண்டு. நம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் தோழரைப் போன்றது அது. இன்ஃபுளுயன்சாவுக்கும் எச்.ஐ.வி.க்கும் அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு கொரோனா வழித்தோன்றலில் மாதத்திற்குச் சராசரியாக இரண்டு மாற்றங்களே நிலைபெறுகின்றன. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். தொற்றின் உச்சத்தில் ஒரே மனிதரின் உடலில் 100 கோடி முதல் 10,000 கோடி வரை வைரஸ் துகள்கள் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை கோடிப் படிகளில், எந்த எழுத்துப்பிழையும் எங்கேனும் ஓரிடத்தில் நேர்ந்தே தீரும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வைரசுக்கே கேடானவை அல்லது பயனற்றவை; அவை தோன்றிய இடத்திலேயே மடிகின்றன.

இங்கேதான் என் பிழை எழுகிறது. எதிர்ப்பாற்றலைச் சந்தித்த பிறகு வைரஸ் மாறுகிறதா, அல்லது மாற்றம் ஏற்கெனவே நேர்ந்து கிடக்க, எதிர்ப்பாற்றல் அதை மட்டும் விட்டுவைக்கிறதா?

இக்கேள்விக்கு 1943ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. பாசிச இத்தாலியின் இனவெறிச் சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறிய சால்வடோர் லூரியாவும், ஜெர்மனியிலிருந்து வந்த மாக்ஸ் டெல்புரூக்கும் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினர். பாக்டீரியாக்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, பின்னர் அவற்றைக் கொல்லும் வைரசின் முன் விட்டனர். வைரசைக் கண்ட பிறகுதான் பாக்டீரியாவில் எதிர்ப்புத்திறன் உண்டாகிறது என்றால், எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு பாக்டீரியாக்கள் பிழைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பல குழாய்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சிலவற்றில் நூற்றுக்கணக்கில் பிழைத்தன. அக்குழாய்களில் மாற்றம் முன்கூட்டியே, வைரசைக் காணாத தலைமுறையிலேயே தற்செயலாக நேர்ந்து, பெருகி நின்றது என்பதே அதற்கு ஒரே விளக்கம். சூதாட்டப் பொறியில் ஒருவர் காசு போடுவதை வேடிக்கை பார்த்தபோது லூரியாவுக்கு இந்த யோசனை தோன்றியது. எப்போதாவது ஒரு முறை கொட்டும். மற்ற நேரம் ஒன்றும் வராது. இந்த லூரியாதான் பின்னாளில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியவர். 1969இல் நோபல் பரிசும் பெற்றார்.

அதே 1943ஆம் ஆண்டு ஜனவரியில், சோவியத் நாட்டின் தலைசிறந்த தாவர மரபியலாளர் நிக்கோலாய் வவிலோவ் சரத்தோவ் சிறையில் இறந்தார். இதைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது, தோழர்களே. உயிர்கள் சூழலுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன, அம்மாற்றம் மரபுரிமையாகவும் இறங்குகிறது என்று வாதிட்ட லைசென்கோ, 1948 ஆகஸ்டில் அங்கே மரபியலையே முதலாளித்துவப் போலி அறிவியல் எனத் தள்ளிவைக்கச் செய்தார். தற்செயல் என்ற சொல் இயங்கியலுக்குப் பகையானது என்று அன்று நம்மில் பலரும் எண்ணினோம். பிரிட்டனின் மாபெரும் உயிரியலாளரும், 'டெய்லி ஒர்க்கர்' இதழில் அறிவியல் கட்டுரைகளை எழுதிக் குவித்தவருமான ஜே.பி.எஸ். ஹால்டேன், இந்த விவகாரத்தை ஒட்டியே கட்சியிலிருந்து விலகினார். அவர் 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். "வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டது" என்று 2021இல் நான் எழுதிய தொடர், என்னை அறியாமலே லைசென்கோவின் தொடர். மருத்துவத் தோழரின் கடிதம் என்னை உறுத்தியதற்கு உண்மைக் காரணம் இதுவே.

தமிழில் இந்தப் பிழை எளிதாக நேர்கிறது. "கொள்" என்ற துணைவினை, செயலின் பயனைச் செய்பவனுக்கே ஆக்குவது. "எடுத்தான்" என்பதற்கும் "எடுத்துக்கொண்டான்" என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். "மாறியது" என்பதை "மாற்றிக்கொண்டது" என்று எழுதும் கணமே வைரசுக்கு ஒரு நோக்கமும் தன்னலமும் வந்துவிடுகின்றன. "இயற்கைத் தேர்வு" என்பதிலும் இதே சிக்கல். தேர்வு என்றால் தேர்பவர் யார்? டார்வினையே இக்கேள்வி தொந்தரவு செய்தது. நல்ல மாற்றுச்சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இனி எதிர்ப்பாற்றலுக்கு வருவோம். வைரசின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதம் 1,273 அமினோ அமிலங்களால் ஆனது. நம் உயிரணுவில் உள்ள ஏஸ்-2 என்ற புரதத்தை அது பற்றுகிறது. பற்றும் பகுதி மட்டும் ஏறத்தாழ 200 அமினோ அமிலங்கள். முன்னர்த் தொற்றுக்கு ஆளானவர் உடலிலும், தடுப்பூசி பெற்றவர் உடலிலும் சுரக்கும் ஆன்டிபாடிகளுள் வலுவானவை இப்பகுதியின்மீதே ஒட்டி அதை மூடுகின்றன. இதில் 484ஆம் இடம் முதன்மையானது. அங்கே மூல வைரசில் இருந்தது எதிர்மின்னூட்டம் கொண்ட குளூட்டாமிக் அமிலம். மரபிழையில் ஜி என்ற ஒரே எழுத்து ஏ எனத் திரிந்தால், அங்கே நேர்மின்னூட்டம் கொண்ட லைசின் வந்து அமரும். எதிர்மின்னூட்டத்தை நம்பி ஒட்டிய ஆன்டிபாடி அங்கே ஒட்ட முடியாமல் போகிறது. இதற்குத்தான் இ484கே என்று பெயர்.

தென்னாப்பிரிக்காவின் பீட்டாவிலும் பிரேசிலின் காமாவிலும் இதே மாற்றம் தனித்தனியே தோன்றியது. மகாராட்டிரத்தில் கண்டறியப்பட்ட பி.1.617இல் அதே இடத்தில் வேறொரு மாற்றம். ஒமைக்ரானிலும் அதே இடம். மூன்று கண்டங்களில் வைரஸ்கள் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பிழைகள் எங்கும் நேர்ந்தன. எதிர்ப்பாற்றல் பெற்ற மக்கள் கூட்டத்தில் அந்தப் பிழை கொண்டவை மட்டும் தொடர்ந்து பரவின. அவ்வளவுதான்.

ஆதாயம் இலவசமாகவும் வருவதில்லை. 417ஆம் இடத்து மாற்றம் ஒருவகை ஆன்டிபாடிகளிடமிருந்து வைரசைக் காக்கிறது. ஆனால் ஏஸ்-2ஐப் பற்றும் வலுவைக் குறைக்கிறது. 501ஆம் இடத்து மாற்றம் அந்த இழப்பை ஈடுசெய்கிறது. ஆகவேதான் பீட்டாவில் இரண்டும் சேர்ந்தே வந்தன.

மாற்றத்தைக் கண்முன் காட்டிய ஒரு நிகழ்வு கேம்பிரிட்ஜ் மருத்துவமனையில் நடந்தது. இரவீந்திர குப்தாவின் குழு 2021 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டது. எழுபது வயதைக் கடந்த ஒரு புற்றுநோயாளி. சிகிச்சையால் அவரது எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தது. 101 நாட்கள் வைரஸ் அவர் உடலில் நீடித்தது. முதல் இரு மாதங்களில் வைரசில் பெரிய மாற்றமில்லை. பிறகு, குணமடைந்தவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவைச் செலுத்தினர். உடனே 796ஆம் இடத்து மாற்றமும் 69, 70 இழப்பும் கொண்ட வைரஸ் மேலோங்கியது. செலுத்திய பிளாஸ்மாவின் வலு குறைந்ததும் அந்த வடிவம் பின்தள்ளப்பட்டது. பழைய வடிவங்கள் தலையெடுத்தன. மீண்டும் பிளாஸ்மா, மீண்டும் அதே வடிவம். நோயாளி பிழைக்கவில்லை. அரைகுறை ஆன்டிபாடி, நீண்ட காலம், பெருகிக்கொண்டே இருக்கும் வைரஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஓர் உடலே காட்டியது. சில நாட்களில் முடியும் சாதாரணத் தொற்றில் இவ்வாறு நிகழ்வது அரிது. ஆன்டிபாடி திரண்டு வருவதற்குள் வைரஸ் அடுத்தவருக்குத் தாவிவிடுகிறது.

நம் தலைநகரில் அப்போது நடந்தது என்ன? 2020 ஜூலையில் தில்லியில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, பிளாஸ்மாவால் நோய் முற்றுவதோ இறப்போ குறையவில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. ஆனாலும் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அதை நீக்கியது 2021 மே 17ஆம் நாள்தான். இடைப்பட்ட மாதங்களில் ஒரு பை பிளாஸ்மாவுக்காக மக்கள் வாட்ஸ்அப்பில் கெஞ்சித் திரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் சிலருக்காகத் தேடியிருக்கிறேன். பகுத்தறிவுக்கு ஒவ்வாத பிளாஸ்மா பயன்பாடு ஆபத்தான வேற்றுருக்கள் தோன்ற வாய்ப்பளிக்கும் என்று மருத்துவர்களும் அறிவியலாளர்களும் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகருக்கு எழுதிய பிறகே அது நீக்கப்பட்டது.

டெல்டா பிளாஸ்மாவால் பிறந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. டெல்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. 2021 ஜனவரியில் தில்லியில் எடுத்த குருதி ஆய்வில் 56 விழுக்காட்டினரிடம் ஆன்டிபாடி இருந்தது. பிரேசிலின் மனாஸ் நகரில் 2020 அக்டோபருக்குள் 76 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருப்பர் என்று மதிப்பிட்டனர். இனி அலை வராது என்றே இரு நகரங்களிலும் எண்ணினர். மனாசில் 2021 ஜனவரியில் காமா வந்து, ஆக்சிஜன் தீர்ந்தது. அமெரிக்கத் தடைகளால் நொந்துகிடந்த வெனிசுவேலா லாரிகளில் ஆக்சிஜன் அனுப்பியது. இதை நம் ஆட்சியாளர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதே ஜனவரி 28 அன்று டாவோஸ் மாநாட்டில் காணொளி வழியே பேசிய பிரதமர், கொரோனாவைக் கட்டுப்படுத்தி மானுடத்தையே பேரழிவிலிருந்து இந்தியா காத்தது என்றார். மூன்று மாதங்களில் தில்லியில் ஆக்சிஜன் தீர்ந்தது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. மரபுவரிசையைப் படிப்பதற்கான இன்சாகாக் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் அமைக்கப்பட்டது. தொற்றுக்குள்ளானோரில் 5 விழுக்காட்டு மாதிரிகளையாவது படிக்க வேண்டும் என்பது இலக்கு. 2021 மார்ச் 24 அன்று சுகாதார அமைச்சகம் அறிவித்தபோது, மாநிலங்கள் அனுப்பிய மாதிரிகள் 10,787 மட்டுமே. 484, 452 ஆகிய இரு மாற்றங்களையும் கொண்ட வைரஸ் மகாராட்டிர மாதிரிகளில் 15 முதல் 20 விழுக்காடு வரை காணப்படுகிறது என்று அவ்வறிக்கையே சொன்னது. பி.1.617 முதலில் கண்டறியப்பட்டதோ 2020 அக்டோபரில். தேர்தல் பேரணிகளும் கும்பமேளாவும் தொடர்ந்தன. மே மாதத்தில் அந்தக் கூட்டமைப்பின் அறிவியல் ஆலோசனைக் குழுத் தலைவர் ஷாகித் ஜமீல் பதவி விலகினார். பின்னர்ப் பேரழிவை நிகழ்த்திய டெல்டா, அந்த "இரட்டை மாற்ற" வடிவத்தின் உடன்பிறப்பு. அதில் 484ஆம் இடத்து மாற்றம் இல்லை. 452, 478ஆம் இடங்களின் மாற்றங்களால் ஆன்டிபாடியின் பிடி ஓரளவு தளர்ந்தது. அதன் முதன்மை வலு பரவும் வேகத்தில் இருந்தது.

வைரஸ் தந்திரசாலி, நம்மை ஏமாற்றிவிட்டது என்று சொல்வது ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு வசதியானது என்று பாருங்கள். புலப்படாத எதிரி, உருமாறும் எதிரி, வஞ்சக எதிரி என்றே அன்று பேசினார்கள். எதிரி அத்தனை கெட்டிக்காரன் என்றால் தோற்றவன்மீது குற்றமென்ன? நான் எழுதிய அந்தத் தொடர் கட்சிப் பத்திரிகையில் அதே வசதியைச் செய்து கொடுத்தது.

இனி இரு கேள்விகளுக்கு வருகிறேன்.

தடுப்பூசி வேற்றுருக்களைப் பிறப்பித்ததா? நாட்களை ஒப்பிட்டாலே போதும். ஆல்ஃபா 2020 செப்டம்பரில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கண்டறியப்பட்டது. அந்நாட்டில் தடுப்பூசி தொடங்கியது டிசம்பர் 8ஆம் நாள். பி.1.617 வந்தது அக்டோபரில். இந்தியாவில் முதல் ஊசி 2021 ஜனவரி 16. பீட்டாவும் காமாவும் அப்படியே. தடுப்பூசி உட்பட எந்த வழியில் வந்த எதிர்ப்பாற்றலும், பரவியபின், அதை மீறும் வடிவத்துக்குச் சாதகமாகும் என்பது உண்மைதான். ஹால்டேன் 1949இலேயே நோயும் பரிணாமமும் பற்றிய கட்டுரையில் இதன் மறுபக்கத்தைச் சொன்னார். நோய்க்கிருமி பெருவாரியான வகையினருக்கேற்ப அமைந்துவிடுவதால், அரிதான வகையினராய் இருப்பதே ஓர் ஆதாயம் என்றார். இன்று அந்த ஆதாயம் அரிதான வடிவமுள்ள வைரசுக்குக் கிடைக்கிறது. ஆனால் பிழைகள் நேர்வதற்கு வைரஸ் பெருக வேண்டும். தடுப்பூசி பெற்றவர் உடலில் அது பெருகும் காலம் சுருங்குகிறது. எதிர்ப்பாற்றலே இல்லாத கூட்டத்தில் தடையின்றிப் பெருகுகிறது.

தடுப்பூசி தோற்றதா? தொற்றைத் தடுப்பதில் அதன் வலு குறைந்தது, மறைக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கா 2021 பிப்ரவரியில் ஆஸ்ட்ராசெனகா ஊசியைப் பீட்டாவின் காரணமாக நிறுத்தி வைத்தது. டெல்டாவுக்கு எதிராக அதே ஊசி, நம்மூர்க் கோவிஷீல்டின் மூலம், ஒரு தவணையில் மூன்றில் ஒரு பங்கு அளவும், இரு தவணைகளில் 67 விழுக்காடும் நோயறிகுறியைத் தடுத்தது என்று இங்கிலாந்தில் கணக்கிட்டனர். ஆனால் எதிர்ப்பாற்றல் என்பது ஆன்டிபாடி மட்டுமன்று. டி செல்கள், தொற்றுக்குள்ளான உயிரணுவை அடையாளம் கண்டு அழிப்பவை. அவை கூர்ப்புரதத்தின் ஒரு முனையை மட்டும் பார்ப்பதில்லை. வைரசின் பல புரதங்களின் துண்டுகளை, ஆளுக்கு ஆள் வேறுபட்ட துண்டுகளைப் பார்க்கின்றன. ஓரிரு எழுத்துகள் திரிந்ததால் அத்தனையும் பயனற்றுப் போவதில்லை. ஒமைக்ரானில் கூர்ப்புரதத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள். அப்போதும் ஊசி பெற்றவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தேறினர். நம் கிளைகளில் முதியோரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

தோற்றது வேறொன்று. பொதுப்பணத்தில், பொது ஆய்வு நிறுவனத்தின் துணையோடு உருவான கோவாக்சினுக்குத் தனியார் மருத்துவமனைகளில் 1,200 ரூபாய் என்று 2021 ஏப்ரலில் விலை வைத்தார்கள். 18 முதல் 44 வயதுள்ளோர் காசு கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டும் என்ற அந்தக் கொள்கை தன்னிச்சையானது, பகுத்தறிவற்றது என்று உச்ச நீதிமன்றமே கருத்துரைத்த பிறகுதான் பின்வாங்கினார்கள். கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தை 2008இல் முடக்கியதன் விளைவை அன்று நாம் அனுபவித்தோம். காப்புரிமையைத் தளர்த்தக் கோரி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் மனுக் கொடுத்தது 2020 அக்டோபர் 2. பல்லெல்லாம் பிடுங்கிய முடிவு ஒன்று வந்தது 2022 ஜூன் 17. இடையில் 2021 நவம்பரில் ஒமைக்ரான் வந்துவிட்டது. அப்போது ஆப்பிரிக்க மக்களில் முழுத் தடுப்பூசி பெற்றோர் ஏறத்தாழ 7 விழுக்காடு. அதைக் கண்டுபிடித்து உலகுக்கு உடனே அறிவித்த தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்த பரிசு, விமானத் தடை.

ஒமைக்ரான் எங்கே உருவானது என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. கண்காணிப்பில்லாத மக்களிடையே பரவி மாறியது என்போர் உண்டு. விலங்குகளின் வழி என்போரும் உண்டு. கேம்பிரிட்ஜ் நோயாளியைப் போல, எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவர் உடலில் பல மாதங்கள் தங்கி மாறியது என்ற கருத்துக்கே ஆதரவு மிகுதி. சிகிச்சை கிட்டாத எச்.ஐ.வி. நோயாளிகளின் உடலிலும் இது நிகழக்கூடும். எச்.ஐ.வி. மருந்துகளை மலிவாகக் கொடுக்கத் தென்னாப்பிரிக்கா சட்டம் இயற்றியபோது 39 மருந்து நிறுவனங்கள் அந்நாட்டின்மீது வழக்குப் போட்டன. உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் 2001 ஏப்ரலில் திரும்பப் பெற்றன. அந்த ஆண்டுகளில் மருந்தின்றி இறந்தவர்களின் கணக்கும் இந்த வைரசின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டியவை.

இப்போது பரவுபவை எல்லாம் ஒமைக்ரானின் வழித்தோன்றல்களே. 2023 இறுதியில் வந்த ஜேஎன்.1, 455ஆம் இடத்தில் கூடுதலாக ஒரே ஒரு மாற்றத்தைப் பெற்று முந்தையவற்றைப் பின்தள்ளியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட என்பி.1.8.1 அதன் வழியில் வந்தது. முதியோரும் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் பீதியடையத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கையில் கொடுத்திருக்கும் குறுநூலில் என் பழைய கட்டுரையும் சேர்ந்துவிட்டது. அச்சேறிய பிறகே கவனித்தேன். அதன் முதல் பத்தியில் "உணர்ந்துகொண்ட", "தப்பும்பொருட்டு" ஆகிய இரு சொற்களையும் அடித்துவிடுங்கள். "தன்னை மாற்றிக்கொண்டது" என்பதற்குப் பதிலாக "மாறியிருந்த வைரஸ் எஞ்சியது" என்று எழுதிவிட்டு, கேள்விகளைத் தொடங்குங்கள்.